ரதீஸ் சேர் எடுக்காத பாடம்

விஞ்ஞான கூடத்துச் சுவரில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. இடது மூலையில் சூரியன். அங்கே புறப்பட்ட கோடு நெற்பயிருக்குள் இறங்கி, சோற்றுக் கோப்பைக்கு வந்து, அந்தச் சோற்றைத் தின்ற ஆள் மிதிக்கிற சைக்கிளில் ஏறி, டைனமோவுக்குள் புகுந்து, கடைசியில் சைக்கிள் விளக்கில் போய் வெளிச்சமாகிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் மூன்று கேள்விகள். சக்தி எங்கிருந்து வந்தது? என்னவாக மாறியது? எங்கே போனது?

கோட்டைக் கீறியவள் கேதீஸ்வரி டீச்சர். புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு, மணி அடிக்க முன், அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் ஆசையாக ஆசையாகச் செய்த ஒன்றே தன் புருசனைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்தப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

நல்ல யோசனைதான் அது, குறை சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பில் சூரிய ஒளி, ஏழில் உணவு, எட்டில் வெப்பம், ஒன்பதில் மின், பத்தில் அலை என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டியில் வாங்குகிறார்கள். சோதனை முடிந்ததும் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே சக்திதான், வேறு வேறு உடுப்பில் வருகிறது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்த ஆத்திரத்தில் கேதீஸ்வரி இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினாள். அங்கே போகிற கடதாசிகளை யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் அனுப்பினாள். இதை வாசித்துவிட்டார்கள்.

வாசித்தவர் ஆசிரிய ஆலோசகர் பதியுதீன் சேர். ஏறாவூர்க்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிற மனிதர். இரண்டு கிழமைக்கு முன் வந்து, திட்டத்தை விரித்துவைத்துக்கொண்டு பேசினார்.

"டீச்சர், பதினோராம் பக்கத்தில ஒரு வசனம் எழுதியிருக்கீங்க. ஒரு வகுப்பில இந்த நூலை ஆர் புடிக்காரோ அவரே கடைசி வரைக்கும் புடிக்கணும், கை மாறினா நூல் அறுந்திரும் எண்டு. அதுதான் எனக்கு மிச்சம் புடிச்சது. பத்தாம் வகுப்பு ரதீஸ் சேர்ட வகுப்புதானே. அவர் அலைப் பாடம் எடுக்கட்டும். நான் வந்து பாக்கன்."

அந்த வசனத்தை எழுதும்போது கேதீஸ்வரிக்குத் தன் வீட்டு ஞாபகமே வரவில்லை. சரியானதை எழுதினாள். அவ்வளவுதான் அவள் செய்த பிழை.

ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு இரண்டே பேர்தான், இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர். பத்தாம் வகுப்பு ரதீசுடையது, ஒன்பதாம் வகுப்பு கேதீஸ்வரியுடையது. வருசா வருசம் பத்தாம் வகுப்பில் அலை வருகிற இரண்டு கிழமையும் இவர்கள் வகுப்பை மாற்றிக்கொள்வார்கள். அவள் போய் அலை படிப்பிப்பாள். அவன் ஒன்பதாம் வகுப்பில் இலையும் பச்சையும் படிப்பிப்பான். நேரசூசியில் அது இராது. அதிபருக்குத் தெரியும், ஆனால் தெரியாது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது ஒரு முறை அவன் அந்தப் பாடத்தை எடுக்கப் போனான். கரும்பலகையில் "அலை" என்று எழுதிவிட்டு, நாற்பது நிமிசமும் சோக்கட்டியோடு அப்படியே நின்றான். மணி அடித்த பிறகு கேதீஸ்வரி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு வந்த வழக்கம்தான் இந்த மாற்றல்.

"டீச்சர், திரும்பவும் அப்பிடி நிண்டா என்னால மறைக்க ஏலாது" என்று நேற்று அதிபர் சொல்லிவிட்டார். "மெடிக்கல் போர்ட்டுக்குத்தான் எழுதணும். பிறகு அவர் வகுப்புக்குள்ள போக ஏலாது."

கேதீஸ்வரிக்கு அந்த ஒன்றுதான் பயம். வீட்டில் ரதீஸ் பேசுவதில்லை. தண்ணி, உப்பு, போறன், வாறன் என்று ஒரு நாளைக்கு நாலு சொல் வந்தால் அதிகம். ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றால் குரல் வந்துவிடும், பகிடிகூட விடுவான். அதைக் கேட்பதற்கென்றே அவள் சில நாளில் பக்கத்து வகுப்பில் தன் பிள்ளைகளைச் சும்மா எழுதவிட்டுவிட்டு இருப்பாள். வகுப்பும் போனால் அந்த மனிதனிடம் மிஞ்சப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை.

ரதீஸ் கையில் ஒரு நீளக் கயிற்றோடு உள்ளே வந்தான். அதன் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டத் தொடங்கினான்.

"இஞ்ச பாருங்க, காய்ச்சல் எண்டு சொல்லிருவமா?" என்றாள் கேதீஸ்வரி. "நான் எடுக்கிறன். அவர் நல்ல மனிசன், ஒண்டும் சொல்லமாட்டார்."

"எத்தினை வருசத்துக்குக் கேதீஸ் காய்ச்சல்?"

"உங்களால ஏலுமா?"

அவன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். "ஏலாது" என்றான். "எண்டாலும் எடுக்கிறன்."

அவன் முகத்தில் ஏதோ ஒரு தீர்மானம் இருந்தது. அதைக் கண்டு அவள் ஆறுதலடைந்திருக்க வேண்டும். ஆறுதல் வரவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அவளுக்கு மனம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்த அண்ணனை அவள் உள்ளே எடுக்கவில்லை. நாலரை வருசமாய் முகம் பார்க்காத அண்ணன். படலைக்கு வெளியே நின்று, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"தங்கச்சி, நான் வவுனியாக்குப் போறன். முகாமுகளில ஜெயந்தனைத் தேடிப் பாக்க. அவன்ட படம் ஒண்டும் எங்களுக்கிட்ட இல்ல, எல்லாம் கடலோட போயிற்று. டிலக்சன்ட பிறந்தநாளில எடுத்த படம் உனக்கிட்ட இரிக்கு எண்டு கேள்விப்பட்டன். அதில ஜெயந்தனும் நிக்கிறானாம்."

அவர் சொன்னது உண்மைதான். தன்னாமுனையில் இருக்கிற சிநேகிதியிடம் ஒரு பிரதி இருந்ததால் தப்பிய படம் அது. கடல் வர இரண்டு வருசத்துக்கு முன் எடுத்தது. ஆறு வயது முடிந்த அவளுடைய மகன் டிலக்சன், மாமன் மகன் ஜெயந்தனின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேருடைய படமும் உலகத்தில் அது ஒன்றுதான்.

கேதீஸ்வரி சன்னலுக்குள் நின்றே பதில் சொன்னாள். "உங்கட புள்ளையத் தேடப் படம் வேணும். என்ட புள்ளைய விட்டிற்றுப் போகக்குள்ள உங்களுக்குக் கண் தெரியல்ல."

அவர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு போய்விட்டார். போர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று வருசத்துக்கு முன் வன்னிக்குப் போனவன் ஜெயந்தன். அவனாகப் போனானா, கொண்டுபோனார்களா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

கேதீஸ்வரிக்குத் தெரிந்த கதை இதுதான். அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அவள் தன்னாமுனைச் சிநேகிதி வீட்டு நத்தார்ப் பண்டிகைக்குப் போயிருந்தாள். கடல் வந்தபோது அண்ணன் நல்லரத்தினம் தன் உழவு மெசினில் தன் பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடித் தப்பிவிட்டார். அடுத்த வளவில் நின்ற தங்கச்சி மகனை ஏற்றவில்லை. டிலக்சன் தகப்பனின் கையைப் பிடித்திருந்தான், தண்ணீர் பிடுங்கிக்கொண்டது. "கை நழுவிற்று" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரதீஸ் சொன்னான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எட்டரைக்குப் பதியுதீன் சேர் வந்து கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். பக்கத்தில் கேதீஸ்வரி, மற்றப் பக்கத்தில் அதிபர். முப்பத்தொரு பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொல்லி இருந்தார்கள்.

ரதீஸ் நன்றாகத்தான் தொடங்கினான். சுவர்க் கோட்டைக் காட்டி, "காலமை என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டான். புட்டு என்று ஒருவன் சொன்னான். அந்தப் புட்டுக்குள் சூரியன் எப்படி வந்தது என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் வாயாலேயே கோட்டைப் பின்னுக்குப் போகவைத்தான். பிறகு ஒரு தட்டத்தில் தண்ணீர் ஊற்றி, போத்தல் மூடித் தக்கை ஒன்றை மிதக்கவிட்டு, மறு கரையில் விரலால் தட்டினான். தக்கை ஏறி இறங்கியது. இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"தண்ணி போகல்ல. அப்ப என்ன போனது?"

"சக்தி, சேர்."

பதியுதீன் சேர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு எழுதினார். அதிபர் கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடவுளே, இப்படியே முடியட்டும் என்று நேர்ந்துகொண்டாள். களுதாவளைப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டையும் வைத்தாள், மனதுக்குள்.

ரதீஸ் கயிற்றின் தளர்ந்த முனையை எடுத்து ஒரு உதறு உதறினான். கயிற்றில் ஒரு மேடு எழும்பி, ஓடிப்போய்ச் சன்னல் கம்பியில் முட்டியது. முட்டி, தலைகீழாகத் திரும்பி அவன் கைக்கே வந்தது. பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொருக்கா சேர், என்றார்கள். இன்னொருக்கா உதறினான்.

முன் வாங்கில் இருந்த கம்சாயினி எழும்பினாள். கெட்டிக்காரி, மூன்று கேள்வியையும் தன் கொப்பியின் மட்டையில் எழுதி வைத்திருக்கிறவள்.

"சேர், அலை சன்னலில முட்டினதோட அதிண்ட சக்தி முடிஞ்சிரும்தானே. பிறகு ஏன் திரும்பி வருகுது?"

ரதீசின் கையில் கயிறு தொய்ந்தது. கேதீஸ்வரி வாங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல கேள்வி" என்றான் அவன். "முடியல்ல. முடிஞ்சிரும் எண்டுதான் நானும் நினைச்சன்."

அவன் குரல் மாறவில்லை. குறிப்புச் சொல்லி எழுதவைக்கிற அதே குரல்தான்.

"அண்டைக்கு முதல் தண்ணி முழங்கால் அளவுக்குத்தான் வந்தது. வேலியில முட்டிற்றுத் திரும்பிப் போயிற்று. கடல் நல்லா உள்ளுக்குப் போயிற்று. டீச்சர்ட அண்ணன் உழவு மெசினைக் கொண்டு வந்து எங்கட ஒழுங்கையில நிப்பாட்டி, ஆக்களைப் பெட்டியில ஏத்தினார். என்ட மகனையும் அவர்தான் ஏத்தினார்."

கேதீஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணன் ஏற்றினாரா? எந்த மகனை?

"நான் போய் அவங்களை மறிச்சன். ஓட வேணாமெண்டன். அலை தன்ட சக்தியைக் கரையில செலவழிச்சிற்று, இனி அடங்கிரும், பயப்படாம இறங்குங்க எண்டன். டீச்சர்ட அண்ணன் கேக்கல்ல, அவர் தன்ட ஆக்களை இறக்கல்ல. மற்றவங்க கேட்டாங்க. விஞ்ஞான சேர் சொல்றார் எண்டு நாலு பேர் இறங்கினாங்க. மகன் இறங்கமாட்டன் எண்டு பெட்டிக் கம்பியைப் புடிச்சிற்று நிண்டான். நான்தான் கையைக் கழட்டி, தூக்கி இறக்கினன்."

வெளியே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

"பெரிய அலை ஒண்டு தனிய வராது. பின்னால ஒண்டுக்குப் பிறகு ஒண்டு வரும். அது எனக்குத் தெரியும். இந்தக் கூடத்தில நிண்டு படிப்பிச்சும் இருக்கிறன். அண்டைக்கு எனக்கு அது ஞாபகம் வரல்ல. அஞ்சு பேரும் போயிற்றாங்க. நான் தென்னையில மாட்டித் தப்பிற்றன்."

அவன் கரும்பலகைக்குத் திரும்பினான். "எழுதுங்க" என்றான். "தடையில முட்டினாலும் அலையிண்ட சக்தி அழியாது. திரும்பி வரும், இல்லாட்டி முட்டினதை உடைக்கும்." அதை ஒழுங்கான எழுத்தில் முழுக்க எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, சோக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். கேதீஸ்வரி இருந்த பக்கம் அவன் பார்க்கவில்லை.

பிள்ளைகள் எழுதினார்கள். சொன்னால் எழுதிப் பழகிய பிள்ளைகள். கம்சாயினி மட்டும் பேனையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அதிபர் கேதீஸ்வரியை நடைக்குக் கூட்டிப்போனார். "டீச்சர், கோபிக்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளில எத்தினை பேருக்கு வீட்டில ஆள் இல்ல. அதுகளுக்கு முன்னால இப்பிடிச் சொன்னா நான் என்ன செய்யிற? நாளையில இருந்து அவர் வரத் தேவையில்ல. கடிதம் நான் எழுதுறன்."

பதியுதீன் சேர் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்துக்கொண்டே நின்றார். "பாடம் சரியாத்தான் எடுத்தாரு" என்றார். "அத நான் எழுதுவன். மத்தத என்னால எழுத ஏலா டீச்சர், எழுதாம இரிக்கவும் ஏலா." அவர் வீட்டில் யார் போனார்கள் என்று கேதீஸ்வரி கேட்கவில்லை.

அவ்வளவுதான், வகுப்பு போய்விட்டது. காலையில் இதற்குத்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அது பத்தாவது கவலையாக எங்கோ கிடந்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. குடையை மறந்து, பையை மறந்து, குருமண்வெளித் துறைக்கு நடந்தாள். காவலரணில் அடையாள அட்டை கேட்டார்கள். அது பையில் கிடக்கிறது. அவள் நின்ற நிலையைப் பார்த்து ஒரு பொடியன் சோல்ஜர் கையால் போ என்று காட்டிவிட்டான்.

ஆட்களை ஏற்றி இறக்கும் படகுப்பாதை வாவியைக் கடக்க எடுக்கிற நேரம் அன்றைக்குத் தீரவே இல்லை. பக்கத்தில் ஒரு மனிசி பொலித்தீனுக்குள் ஒரு படத்தை வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் படத்தோடு திரியாத ஆள் இல்லை. படம் இல்லாமல் போனவர் தன் அண்ணன் ஒருவர்தான் என்று கேதீஸ்வரி நினைத்தாள்.

நாலரை வருசமாய் அவள் அண்ணனைத் திட்டியிருக்கிறாள். டிலக்சனின் அந்தரட்டிச் சடங்குக்கு வந்தவரை எல்லோருக்கும் முன்னால் எழுப்பி அனுப்பியிருக்கிறாள். வீட்டுத்திட்டத்தில் வீடு கொடுத்தபோது, அவர் இருக்கிற வரிசையில் எனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாள். அதைக் கேட்டுத்தான் அவர் கரையை விட்டு, மண்டூர்ப் பக்கம் வயல் வட்டைக்குக் கிட்ட ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு போனார். அத்தனைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. ரதீசும் வாய் திறக்கவில்லை. அலைப் பாடம் வருகிற போதெல்லாம் வகுப்பை மாற்றிக்கொண்டு, அவன் வாயைத் தானே பொத்திவைத்ததுதான் மிச்சம் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

அண்ணன் வீட்டில் புஸ்பம் மச்சாள் தனியாக இருந்தாள். கொட்டிலோடு சேர்ந்த பத்திக்குள் உழவு மெசின் நின்றது, அதே மெசின். அதன் பற்றரியிலிருந்து ஒரு வயர் இழுத்து, மட்காட்டில் கைபேசி ஒன்று சார்ஜில் கிடந்தது. அந்தப் பக்கத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.

புஸ்பம் எழும்பவில்லை. "ஆரைத் தேடி வந்தீங்க?"

"அண்ணன் எங்க?"

"வவுனியாவில. உங்கட வாசலுக்கு வந்திற்று அப்பிடியே பஸ் ஏறினவர்தான். முள்ளுக்கம்பிக்கு இங்கால நிண்டு, இருபத்திரண்டு வயசு, நெத்தியில தழும்பு எண்டு போறவாற ஆக்களுக்கிட்டக் கேட்டுக்கொண்டு நிக்கிறார். படம் இரிக்கா எண்டு கேக்கிறாங்களாம்."

கேதீஸ்வரி மெசினின் பெட்டியைப் பிடித்தாள். கம்பி அவள் இடுப்பளவுக்கு இருந்தது. ஒரு எட்டு வயதுப் பிள்ளை நின்று பிடிக்கச் சரியான உயரம்.

"மச்சாள், டிலக்சனை இதில இருந்து ஆர் இறக்கினது?"

புஸ்பத்தின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. "சொல்லிற்றாரா?" என்றாள்.

"இண்டைக்கு வகுப்பில சொன்னார்."

"வகுப்பிலயா?" என்றாள் புஸ்பம். "புள்ள இறங்கமாட்டன் எண்டு கத்தினது இப்பவும் எனக்குக் கேக்குது. உங்கட அண்ணன் புள்ளைய விடுங்க மச்சான், விடுங்க மச்சான் எண்டார். உங்கட மனிசன் படிச்சவர், இவர் மண்வெட்டி புடிக்கிறவர். கடைசியில இவருக்கும் அரைவாசிச் சந்தேகம் வந்திற்று, விட்டிற்றார். அதுதான் இவர் செய்த குத்தம். இழுத்துப் புடிக்கல்ல எண்டு இண்டைக்கும் சொல்லி அழுவார்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"அந்தரட்டிக்கு வந்த எங்களை நீங்க எழுப்பி விட்டீங்களே, அண்டைக்கு நான் சொல்லத்தான் வாயெடுத்தன். வெளிய கொண்டு வந்து எனக்கு அடிக்கக் கை ஓங்கினார். கலியாணம் கட்டி அண்டைக்கு மட்டும்தான் கை ஓங்கினவர். 'என்னை வெறுத்தா அவள் உசிரோட இருப்பாள். அவனை வெறுத்தா ரெண்டு பேரும் இல்லாமப் போயிருவாங்க. நீ பொத்திக்கொண்டு இரு' எண்டார். இருந்தன். எங்கட புள்ள காணாமப் போய்க்கூட இருந்தன்."

கேதீஸ்வரி அங்கேயே தரையில் இருந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுதால் பாதியாவது குறையும். குறையக் கூடாது என்றே அவளுக்குத் தோன்றியது.

மட்காட்டில் கைபேசி அடித்தது. புஸ்பம் எடுத்து நம்பரைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் யோசித்து, அதைக் கேதீஸ்வரியிடம் நீட்டினாள். அவள் காதில் வைத்தாள்.

"புஸ்பம், நான்தான்." அண்ணனின் குரல் இருமலுக்குள் வந்தது. "சல்லி முடியப் போகுது, கெதியாச் சொல்றன். பெரியாஸ்பத்திரிக்குக் காயப்பட்ட பொடியனுகளைக் கொண்டு வந்திருக்காங்களாம். பேர் சொல்ல ஏலாத நிலையில ரெண்டு மூண்டு பேராம். படம் இருந்தா உள்ளுக்குக் கொண்டுபோய்ப் பாக்கிறன் எண்டு ஒரு நேர்ஸ் புள்ள சொல்லுது. வெள்ளிக்கிழமை அவங்களை வேற எங்கயோ மாத்துறாங்களாம். தங்கச்சிக்கிட்ட நீ ஒருக்காப் போய்க் கேளன். கோபத்தில ஏசுவாள், ஏசினா ஏசட்டும். அவளுக்கிட்ட வேற ஒண்டும் கதைக்காத. கேக்குதா?"

அண்ணா என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நாலரை வருசமாய்ச் சொல்லாத சொல், இலேசில் வரவில்லை. "ஓம்" என்று மட்டும் வந்தது. லைன் அறுந்தது.

அப்போதுதான் படலையில் சைக்கிள் சத்தம் கேட்டது. அடுத்த படகுப்பாதையில் வாவியைக் கடந்து வந்திருக்கிறான் ரதீஸ். வெள்ளைச் சேட்டில் இன்னும் சோக்குத்தூள் இருந்தது. படலையைத் தள்ளாமல் வெளியிலேயே நின்றான். கையில் ஒரு மண்ணிறக் கடித உறை. அதை அவளுக்குத் தெரியும், அலுமாரியின் மேல்தட்டில் சேலைகளுக்கு அடியில் அவள் வைத்திருந்த உறை.

"உள்ள வரச் சொல்லட்டா?" என்று புஸ்பம் மெல்லக் கேட்டாள்.

கேதீஸ்வரி எழும்பிப் படலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நின்ற மாதிரியே, தலையைக் குனிந்துகொண்டு அவன் நின்றான்.

"கேதீஸ்" என்றான். "அவன்ட கை நழுவல்ல."

"கேட்டன்" என்றாள் அவள்.

படலைக்கு மேலால் கையை நீட்டி உறையை வாங்கினாள். படம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தாள். ஜெயந்தனின் தோளில் டிலக்சன், இரண்டு கையாலும் அவன் தலைமயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். உறையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"மச்சாள், வவுனியாக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

"விடிய அஞ்சுக்கு. ஏன்?"

"நான் கொண்டு போறன். இண்டைக்கு இஞ்ச படுக்கட்டா?"

புஸ்பம் பாயை எடுக்க உள்ளே போனாள். ரதீஸ் சைக்கிளைப் பிடித்தபடி படலைக்கு வெளியே நின்றான். கேதீஸ்வரி அவனைப் போகச் சொல்லவில்லை. படலையின் கொளுக்கியையும் கழற்றவில்லை.